சளி மருந்து தூக்க மருந்து அல்ல

இந்த மாதத்தில் இவன் நான்காவது ஆள். ஒன்றரை வயது. அம்மாவின் தோளில் ஈரத்துணி மாதிரி துவண்டு கிடந்தான். பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் கண்ணைத் திறக்கிறான், உடனே சொருகிவிடுகிறது. "ராத்திரி பஸ்ல அழக்கூடாதுன்னு சளி சிரப் கொஞ்சம் குடுத்தேன் டாக்டர்." எவ்வளவு என்று கேட்டேன். பையிலிருந்து பாட்டிலை எடுத்தார். கழுத்தெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டியது. அளவுக் கோப்பை எப்போதோ தொலைந்துவிட்டது. "இந்த மூடியில ஒண்ணு. தூங்கலன்னு அப்புறம் இன்னொண்ணு."

பகல் முழுக்கக் கண்காணிப்பில் வைத்திருந்தோம். சாயங்காலம் எழுந்து என் ஸ்டெதஸ்கோப்பைப் பிடித்து இழுத்தான். தப்பித்தான்.

"தூக்க மருந்தா கொடுத்தேன், சளி மருந்துதானே?" இதை மட்டும் இனி யாரும் என்னிடம் கேட்காதீர்கள். பல சளி சிரப்களில் இருக்கும் குளோர்பெனிரமைன், ப்ரோமெதசின் போன்ற மருந்துகளில் வருகிற தூக்கம் பக்கவிளைவு. அந்த மருந்து மூளையை மந்தமாக்குகிறது. அளவு கூடினால் மூச்சும் சேர்ந்து மந்தமாகலாம். ப்ரோமெதசினை 2 வயதுக்குக் கீழே கொடுக்கவே கூடாது. மூச்சு அடங்கிக் குழந்தைகள் இறந்ததால்தான் 2004-ல் அமெரிக்காவில் அதன் குறிப்பில் கடுமையான எச்சரிக்கை சேர்த்தார்கள். "போன தடவை ஒண்ணும் ஆகலையே" என்பார்கள். போன தடவை எடை வேறு, பாட்டில் வேறு. ஒரே மருந்து வேறுவேறு அடர்த்தியில் விற்கிறது. மூத்தவனுக்கு எழுதிக் கொடுத்தது இளையவனுக்கு எப்படிச் சரியாகும்? இதில் இன்னொரு கூத்தும் உண்டு. சில குழந்தைகளுக்கு இது நேர்மாறாக வேலை செய்யும். தூங்காமல் குதிக்கும், காரணமில்லாமல் கத்தும். 'மருந்து பத்தவில்லை' என்று இரண்டாவது மூடி ஊற்றப்படுவது அப்போதுதான்.

வாந்திக்கு என்று கொடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2 வயதுக்குள் பயண வாந்தி அபூர்வம். அதற்கு மேல் உள்ள பிள்ளைகளுக்கு முதலில் கையிலிருக்கும் போனை வாங்குங்கள். ஓடுகிற வண்டியில் கண் அசையாத திரையையே பார்க்கிறது, உள்காதோ 'ஆடுகிறோம்' என்கிறது. இந்த முரண்பாட்டில்தான் குமட்டுகிறது. ஜன்னலுக்கு வெளியே தூரத்தில் பார்க்கச் சொல்லுங்கள். வயிறு முட்டவும் வேண்டாம், வெறும் வயிறும் வேண்டாம்.

உண்மையில் அந்த மருந்து குழந்தைக்காகக் கொடுக்கப்படுவதில்லை, பக்கத்து இருக்கைக்காரர் முறைப்பாரே என்று கொடுக்கப்படுகிறது. முறைக்கட்டும். குழந்தை அழுவது பசியால், புழுக்கத்தால், ஈரத்தால், பெரும்பாலும் சலிப்பால். அவன் வழக்கமாகத் தூங்கும் நேரத்தை ஒட்டிக் கிளம்புங்கள். ஏறுவதற்கு முன் அரை மணி நேரம் ஓட விடுங்கள். சொந்த வண்டி என்றால் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி இறக்கிவிடுங்கள். நேரம் போகிறதே என்று பார்க்காதீர்கள், அந்தப் பத்து நிமிடம் அடுத்த ஒரு மணி நேர அழுகையை மிச்சப்படுத்தும். விளையாட்டுச் சாமான்களை மொத்தமாகக் கொட்டாமல் ஒவ்வொன்றாக எடுங்கள். அவன் தினமும் கட்டிக்கொண்டு தூங்கும் பழைய துணியோ பொம்மையோ பையில் இருக்கிறதா? அதை மறந்துவிட்டு வேறு எதை எடுத்துப் போயும் பயனில்லை.

விமானத்தில் காதுவலி பெரும்பாலும் இறங்கும்போதுதான். இறக்கம் தொடங்கியதும் எழுப்பிப் பால் கொடுங்கள், சப்பி விழுங்கினால் காது திறக்கும். 6 மாதத்துக்குக் கீழே தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்குப் பயணத்திலும் தண்ணீர் தேவையில்லை, அடிக்கடி பால் கொடுத்தால் போதும்.

காரில் முன் இருக்கையில் மடியில் வைத்துக்கொள்பவர்களை நான் திட்டத்தான் செய்வேன். 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதினால் 10 கிலோ குழந்தை கைக்கு 200 கிலோ மாதிரி இழுக்கும். எந்த அப்பாவின் பிடியும் நிற்காது. பின் இருக்கையில், குழந்தைகளுக்கான இருக்கையில், பட்டை போட்டு உட்கார வையுங்கள். சின்னக் குழந்தை என்றால் அந்த இருக்கை பின்னோக்கிப் பார்த்திருக்க வேண்டும். 'ரெண்டே நிமிஷம்' என்று பூட்டிய காரில் விட்டுப் போகாதீர்கள், ஜன்னலைக் கொஞ்சம் இறக்கியிருந்தாலும் சரி.

ஏற்கெனவே மருந்து கொடுத்துவிட்டீர்கள், குழந்தையை எழுப்ப முடியவில்லை, மூச்சு மெதுவாகவோ விட்டுவிட்டோ வருகிறது என்றால் ஊர் போய்ச் சேரட்டும் என்று காத்திருக்காதீர்கள். வழியில் இருக்கும் ஆஸ்பத்திரியிலேயே இறங்குங்கள். பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள். எத்தனை மூடி, எத்தனை மணிக்கு என்று மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவதெல்லாம் குழந்தை எழுந்த பிறகுதான்.