கடைசியாக உண்பவருக்கும் பருப்பு சேர: தொலி உளுந்துச் சோறு

இரத்தசோகையும் தீராத அசதியுமாக வரும் பெண்களிடம், உணவியல் ஆலோசகர் என்ற முறையில் நான் முதலில் கேட்பது, அவர்கள் வீட்டில் யார் எந்த நேரத்தில் சாப்பிடுகிறார்கள் என்பதைத்தான். பருப்பைப் பற்றிக் கேட்டால், "தெனமும் சாம்பார் வைக்கத்தானம்மா செய்யுதோம்" என்ற பதில் உடனே வந்துவிடும். அது உண்மையும்கூட. ஆனால் நால்வர் உள்ள வீட்டில் ஒரு கைப்பிடி, அதாவது ஏறத்தாழ 50 கிராம் துவரம்பருப்பை வேகவைத்து, காலை இட்லிக்கும் மதியச் சோற்றுக்கும் ஆகும்படி தண்ணீர் விட்டு நீட்டிய சாம்பாரில், ஒருவர் பங்குக்கு வருவது சுமார் 12 கிராம் பருப்பு. அதிலுள்ள புரதம் 3 கிராமுக்கும் குறைவு. அந்தப் பங்கும் எல்லாருக்கும் ஒன்றுபோல் கிடைப்பதில்லை. திருநெல்வேலிப் பக்கம் பெண்கள் வீட்டிலிருந்தே பீடி சுற்றும் முக்கூடல், மேலப்பாளையம் போன்ற ஊர்களில், கணவருக்கும் பிள்ளைகளுக்கும் பரிமாறி முடித்து, பீடித்தட்டை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, பொழுது சாயும் வேளையில் உண்ண உட்காரும் பெண்ணுக்குப் பெரும்பாலும் மிஞ்சுவது ரசமும் ஊறுகாயுமே.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, வளர்ந்த ஒருவருக்கு உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் தேவை. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அது ஏறத்தாழ 46 கிராம். இறைச்சியும் மீனும் வாரத்தில் ஒரு நாள் மட்டுமே வாங்க இயலும் வீட்டிலும், சைவ உணவே வழக்கமான வீட்டிலும், இந்த அளவை எட்டுவதற்குப் பருப்பைத் தவிர மலிவான வழி இல்லை. பருப்பு வாங்கும் அளவைக் கூட்டுங்கள் என்று அறிவுரை சொல்வது எளிது. கூட்டிய பருப்பும் குழம்புச் சட்டியிலிருந்து முதலில் உண்பவர் தட்டுக்கே போய்ச் சேருமானால், அந்த அறிவுரையால் யாருடைய அசதி தீரும்?

அதனால்தான் நம் பக்கத்து வீடுகளில் ஏற்கெனவே இருக்கும் உளுந்தம்பருப்புச் சோற்றை நான் வற்புறுத்திச் சொல்கிறேன். தொலி, அதாவது தோல், நீக்காத கறுப்பு உளுந்தம்பருப்பும் அரிசியும் ஒரே பாத்திரத்தில் சேர்ந்து வேகும் இந்தச் சோற்றில், பருப்பை மட்டும் தனியே அள்ளி ஒருவருக்குக் கூடுதலாகவும் இன்னொருவருக்குக் குறைவாகவும் பரிமாற முடியாது. முதலில் உண்பவருக்கு எந்த விகிதத்தில் பருப்பு கிடைக்கிறதோ, அதே விகிதத்தில்தான் கடைசியில் பாத்திரத்தைச் சுரண்டி உண்பவருக்கும் கிடைக்கும். இதில் வேறெந்தச் சிறப்பும் இல்லாவிட்டாலும், இந்த ஒன்றுக்காகவே இதை வாரத்தில் இரண்டு நாளாவது சமைக்கச் சொல்வேன்.

நால்வருக்கு 300 கிராம் அரிசியும் 150 கிராம் தொலி உளுந்தும் போதும். படியில் அளப்பவர்கள் அரிசி இரண்டு பங்கும் உளுந்து ஒரு பங்கும் என்று வைத்துக்கொள்ளலாம். வெறும் சட்டியில் மிதமான தீயில் வாசனை வரும்வரை உளுந்தை வறுத்த பிறகு கழுவ வேண்டும். வறுக்காமல் போட்டால் உளுந்துக்கே உரிய வழவழப்பு சோற்றில் இறங்கிவிடும். பிள்ளைகள் முகம் சுளிப்பது பெரும்பாலும் அதற்காகத்தான். கழுவும்போது தொலியைத் தேய்த்து நீக்க வேண்டாம். நார்ச்சத்தில் பெரும்பகுதி அந்தத் தொலியில்தான் இருக்கிறது. கழுவிய அரிசியோடு உளுந்தையும் சேர்த்து, உரித்த பூண்டுப் பற்கள் பத்துப் பன்னிரண்டு, சீரகம் ஒரு தேக்கரண்டி, வெந்தயம் அரைத் தேக்கரண்டி, தட்டிய சுக்கு ஒரு சிறு துண்டு, துருவிய தேங்காய் அரை மூடி, தேவையான உப்பு ஆகியவற்றைப் போட்டு, அளந்த அரிசி பருப்புக்கு இரண்டரை மடங்கு தண்ணீர் விட வேண்டும். பல் இல்லாத முதியவர்களும் சிறு குழந்தைகளும் உள்ள வீட்டில் மூன்று மடங்கு விட்டால் குழைவாக வரும். குக்கரில் நான்கு விசில் வந்ததும் தீயைக் குறைத்துச் சிறிது நேரம் வைத்து இறக்கி, ஆவி தானாக அடங்கிய பின் திறந்து, ஒரு கரண்டி நல்லெண்ணெய் விட்டுக் கிளறினால் சோறு ஆயத்தம். பருப்பு வேகும்போது நுரை எழுந்து ஆவித் துவாரத்தை அடைத்துவிடக்கூடும் என்பதால், குக்கரைப் பாதிக்கு மேல் நிரப்பவே கூடாது. எண்ணிக்கை கூடிய வீடாக இருந்தால் இரண்டு தவணையாகவோ, வாயகன்ற பாத்திரத்திலோ சமைப்பதே பாதுகாப்பு.

இந்த அளவில் ஒருவருக்குக் கிடைக்கும் புரதம் ஏறத்தாழ 14 கிராம். அளவைவிடத் தரமும் இங்கே முக்கியமானது. புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்களில் லைசின் என்பது அரிசியில் குறைவு. பருப்பில் அது நிறைய உண்டு. பருப்பில் மெத்தியோனின் என்ற இன்னொரு அமினோ அமிலம் குறைவு. அதை அரிசி ஓரளவு ஈடுசெய்கிறது, எள் இன்னும் நன்றாக ஈடுசெய்கிறது. எள்ளும் மிளகாய் வற்றலும் வறுத்து, புளியும் உப்பும் சேர்த்து அரைத்த எள்ளுத் துவையலை இந்தச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் வழக்கம், ஊட்டச்சத்துக் கணக்குப்படியும் மிகப் பொருத்தமானது. உடன் அவியலோ முருங்கைக்கீரைப் பொரியலோ இருந்தால் ஒரு வேளை உணவு முழுமையாகிறது. உளுந்திலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் உறிஞ்சிக்கொள்வதில்லை என்பதால், ஒரு நெல்லிக்காயையோ எலுமிச்சை பிழிந்த நீரையோ உணவோடு சேர்த்துக்கொள்வது நல்லது. தேநீரை உண்ட கையோடு குடிக்காமல் ஒரு மணி நேரமாவது தள்ளிப்போட வேண்டும். வேலைக்கு நடுவே பசியை மறக்கத் தேநீர் குடித்தே பழகியவர்களுக்கு இது கடினம் என்று அறிவேன்; ஆயினும் மதிய உணவை ஒட்டிய அந்த ஒரு தேநீரையாவது விட்டுவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பெண் பிள்ளை பெரியவளானதும் உளுந்தங்களி கிண்டி, நல்லெண்ணெயும் கருப்பட்டியும் சேர்த்து ஊட்டுவதை நம் வீடுகள் இன்றும் விடவில்லை. அந்தச் சில நாட்கள் கழிந்ததும் உளுந்து மீண்டும் இட்லி மாவுக்குள் ஒதுங்கிவிடுகிறது. மாதந்தோறும் இரத்தம் இழக்கும் பெண்ணுடலுக்கு அந்தக் கவனிப்பு பல்லாண்டுகள் தொடர வேண்டியது. 2019–21-இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வு, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருப்பதாகக் காட்டியது. உளுந்துச் சோறு மட்டுமே இதைத் தீர்த்துவிடும் என்று நான் சொல்லவில்லை. மருத்துவர் தந்த இரும்புச்சத்து மாத்திரையை இதை நம்பி நிறுத்தவே கூடாது. பருப்பில் பி12 வைட்டமின் கிடையாது என்பதால், சைவ உணவு உண்பவர்கள் பாலையும் தயிரையும் விலக்காமல் இருக்க வேண்டும்.

தொலி உளுந்து, வெள்ளை உளுந்தைவிடப் பெரும்பாலும் விலை குறைவாகவே கிடைக்கிறது. கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் காடுகளில் வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைத்த உளுந்து, தை, மாசியில் புதிதாகச் சந்தைக்கு வரும். அப்போது வாங்கி நன்கு வெயிலில் காயவைத்து வைத்துக்கொள்ளலாம். புதிய பருப்பு விரைவில் வேகும். நாள்பட்டது எரிவாயுவைத் தின்னும். உளுந்து வாங்க இயலாத மாதத்தில், ரேஷன் கடையில் 30 ரூபாய்க்குத் தரும் ஒரு கிலோ துவரம்பருப்பையே இதே முறையில் அரிசியோடு சேர்த்து வேகவைக்கலாம். வெந்தயத்தை மட்டும் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் அரிசியையும் உளுந்தையும் சம அளவில் போட்டு, தட்டில் சோற்றின் அளவைக் குறைத்து, காய்கறியைக் கூட்டிக்கொள்வது நல்லது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தங்களுக்கு உரிய புரத அளவைத் தம் மருத்துவரிடம் கேட்டறியாமல் இதைத் தொடங்கக் கூடாது. மிஞ்சிய சோற்றை இரவு முழுதும் வெளியில் வைக்காமல் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மறுநாள் கொஞ்சம் வெந்நீர் தெளித்து நன்றாகச் சூடாக்கி உண்ண வேண்டும். அந்த வசதி இல்லாத வீட்டில் ஒரு வேளைக்குத் தேவையானதை மட்டும் சமைப்பதே சரி. அப்படி அளவாகச் சமைக்கும் நாளில், கடைசியாக உண்பவரின் பங்கைப் பரிமாறத் தொடங்கும் முன்பே தனியே எடுத்து மூடி வைத்துவிடுங்கள்.