ஒரு லிட்டர் சாக்கடைக்கு எவ்வளவு ஆக்சிஜன்?

ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 280 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. ஒரு லிட்டர் நன்னீரில் 20 டிகிரி செல்சியஸில் 9 மில்லிகிராம்தான் கரையும். 30 டிகிரியில் ஏழரை. ஆற்றில் வாழும் மீன், நத்தை, பூச்சி எல்லாம் இந்தச் சொற்பத்தை நம்பித்தான் இருக்கின்றன. 4, 5 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் பல மீன்களுக்குத் திண்டாட்டம்.

இந்த ஆற்றில் வீட்டுக் கழிவுநீர் கலந்தால் என்ன ஆகும்? அதிலுள்ள மலம், எண்ணெய்ப் பிசுக்கு, உணவு மிச்சம் எல்லாமே பாக்டீரியாவுக்குத் தீனி. தின்னும் பாக்டீரியா சுவாசிக்கவும் வேண்டும். ஒரு லிட்டர் கழிவுநீரைத் தின்ன ஐந்து நாளில் அவற்றுக்குச் சுமார் 250 மில்லிகிராம் ஆக்சிஜன் தேவைப்படும். அதாவது ஏறக்குறைய 30 லிட்டர் ஆற்றுநீரில் உள்ள ஆக்சிஜன் மொத்தமும். காற்றிலிருந்து ஆக்சிஜன் மறுபடி கரையும்தான், ஆனால் அது மெதுவான வேலை. மீன்கள் செத்து மிதந்தால் யாரோ விஷத்தைக் கலந்துவிட்டார்கள் என்று பேச்சு கிளம்பும். பல சமயம் விஷமே இருக்காது. மூச்சுமுட்டிச் செத்திருக்கும்.

எனவே கழிவுநீரில் என்னென்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பட்டியல் போடுவதைவிட, அது எவ்வளவு ஆக்சிஜனைப் பறிக்கும் என்று கேட்பது புத்திசாலித்தனம். பி.ஓ.டி. எனப்படும் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை இந்தக் கேள்விக்கான விடைதான். 1898இல் பிரிட்டனில் அமைக்கப்பட்ட கழிவுநீர் அரச ஆணையம் இந்தச் சோதனைக்கு ஒரு வடிவம் கொடுத்தது. ஆற்றில் விடும் சுத்திகரித்த நீரில் பி.ஓ.டி. லிட்டருக்கு 20 மில்லிகிராமையும் மிதக்கும் துகள்கள் 30 மில்லிகிராமையும் தாண்டக் கூடாது என்று 1912இல் அந்த ஆணையம் வகுத்த வரம்பின் சாயல் இன்றும் பல நாடுகளின் விதிகளில் தெரிகிறது.

சோதனை எளிமையானது. 300 மில்லிலிட்டர் கண்ணாடிக் குப்பியில் 6 மில்லிலிட்டர் கழிவுநீரை ஊற்றி, மீதியை ஆக்சிஜன் நிறைந்த தூய நீரால் காற்றுக்குமிழி இல்லாமல் நிரப்பி மூட வேண்டும். கழிவுநீரை அப்படியே ஊற்றினால் குப்பியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் என்ற அளவில் உள்ள ஆக்சிஜன் சீக்கிரமே தீர்ந்துபோய், அளக்க ஒன்றும் மிஞ்சாது. அதனால்தான் இந்த 50 மடங்கு நீர்ப்பு. பிறகு 20 டிகிரியில், இருட்டில், ஐந்து நாள். இருட்டு எதற்கு? வெளிச்சம் பட்டால் பாசி ஒளிச்சேர்க்கை செய்து புது ஆக்சிஜனைச் சேர்த்துக் கணக்கைக் கெடுத்துவிடும். ஆக்சிஜன் லிட்டருக்கு முதல் நாள் 8.8 மில்லிகிராம், ஐந்தாம் நாள் 3.8 என்று வந்தால், குறைந்தது 5. அதை 50ஆல் பெருக்கினால் பி.ஓ.டி. 250.

ஆக்சிஜனை அளக்க 1888இல் ஹங்கேரிய வேதியியலர் லாயோஷ் விங்க்லர் கண்ட வழி இன்னும் ஆய்வகங்களில் உயிரோடு இருக்கிறது. மாங்கனீசு உப்பையும் அயோடைடு கலந்த காரத்தையும் குப்பியில் விட்டால், ஆக்சிஜன் மாங்கனீசோடு சேர்ந்து பழுப்பாகப் படியும். அமிலம் விட்டதும் அந்த ஆக்சிஜனுக்கு ஈடான அயோடின் வெளிவரும். ஸ்டார்ச்சின் நீலம் மறையும்வரை தயோசல்பேட்டைச் சொட்டுச்சொட்டாக விட்டு அதை எண்ணிவிடலாம்.

குறை என்னவென்றால், விடை ஐந்து நாள் கழித்துத்தான் வரும். அதற்குள் அந்தத் தண்ணீர் ஆற்றோடு போயிருக்கும். அவசரத்துக்கு சி.ஓ.டி. எனப்படும் வேதி ஆக்சிஜன் தேவைச் சோதனை உண்டு: பாக்டீரியாவுக்குப் பதில் டைகுரோமேட்டும் கந்தக அமிலமும் 150 டிகிரியில் இரண்டு மணி நேரம் எரித்துத் தள்ளும். பாக்டீரியா தொடாததையும் இது எரிப்பதால் சி.ஓ.டி. எப்போதும் பெரிய எண்ணாகவே இருக்கும். ஆலை வாசலில் பொருத்தும் ஆன்லைன் கருவிகளில் பல, நீர் புற ஊதா ஒளியை எவ்வளவு விழுங்குகிறது என்று பார்த்து பி.ஓ.டி. இவ்வளவு இருக்கலாம் என்று கணக்கிட்டுச் சொல்பவை. திரையில் தசமப் புள்ளியோடு ஓடுவதாலேயே அதை நேரடியாக அளந்த எண் என்று நம்பிவிடக் கூடாது. கழிவுநீரின் தன்மை மாறினால் அந்தக் கணக்கும் தடம் புரளும்.

இனி சுத்திகரிப்பு. ஆற்றில் நடக்கப்போகும் அந்தத் தீனியை முன்கூட்டியே ஒரு தொட்டிக்குள் நடத்தி முடித்துவிடுவதுதான் அதன் சூட்சுமம். தேவையான காற்றை நாமே ஊதிவிடலாம், ஆற்றிடம் கடன் வாங்க வேண்டியதில்லை. ஆனால் வெறுமனே காற்றை ஊதினால் போதாது என்பதை மான்செஸ்டரில் எட்வர்ட் ஆர்டர்ன், வில்லியம் லாக்கெட் இருவரும் கண்டார்கள். குப்பியில் எடுத்த கழிவுநீருக்குக் காற்றூட்டி அதன் அம்மோனியா முழுவதும் நைட்ரேட்டாக மாற ஐந்து வாரம் பிடித்தது. பிறகு அவர்கள் செய்ததுதான் விஷயம். மேலே தெளிந்த நீரை மட்டும் வடித்துவிட்டு, அடியில் தங்கிய சேற்றை வீசாமல், அதன்மேலேயே புதுக் கழிவுநீரை ஊற்றினார்கள். சுற்றுக்குச் சுற்று நேரம் குறைந்தது. கடைசியில் சில மணி நேரத்தில் வேலை முடிந்தது. 1914 ஏப்ரலில் இதை அறிவித்தார்கள். தயிருக்கு உறை மோர் போல, பழைய சேறுதான் புதுக் கழிவுநீரை மாற்றுகிறது. அந்தச் சேறு முழுக்கப் பசியோடு இருக்கும் பாக்டீரியாக் கூட்டம்.

இன்று எஸ்.டி.பி. எனப்படும் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களில் பெருமளவு இந்த அடிப்படையில் ஓடுபவையே. கம்பிச் சல்லடையும் மணல் தொட்டியும் முதல் படிவுத் தொட்டியும் கனமானவற்றைப் பிடித்த பிறகு, நீர் காற்றூட்டும் ஏரேஷன் தொட்டிக்கு வருகிறது. அடியில் உள்ள நுண்துளைகள் கொண்ட டிஃப்யூசர்கள் வழியாக, புளோயர் எனும் ஊது இயந்திரம் காற்றைச் சிறு குமிழிகளாக அனுப்புகிறது. குமிழி சிறுத்தால் அதே காற்றுக்கு மேற்பரப்பு அதிகம், ஆக்சிஜனும் அதிகம் கரையும். பல நிலையங்களில் மின்கட்டணத்தில் பாதிக்கு மேல் இந்த ஊதலுக்கே போகிறது. கரைந்த ஆக்சிஜனை லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவில் வைத்தால் பொதுவாகப் போதும். அதற்கு மேல் ஊதுவது காசைக் காற்றில் விடுவது.

இங்கேதான் ஆக்சிஜன் சென்சாரின் அருமை. 1950களில் லேலண்ட் கிளார்க் இரத்தத்தில் ஆக்சிஜனை அளக்க உருவாக்கிய மின்முனையே நீருக்கும் வந்தது. இப்போது ஒளிச் சென்சார்கள் பரவிவிட்டன: நீல ஒளி பட்டதும் சிவப்பாக ஒளிரும் சாயப் பூச்சு ஒன்று; ஆக்சிஜன் அதிகமானால் ஒளிர்வு சீக்கிரம் அணையும். இதில் ஒரு வேடிக்கை. சென்சாரின் முகத்திலேயே பாக்டீரியா படலம் கட்டிவிடும். அந்தப் படலம் அருகிலுள்ள ஆக்சிஜனைத் தின்பதால் அளவு குறைத்துக் காட்டும். தானியங்கிக் கட்டுப்பாடு அதை நம்பி புளோயரை இன்னும் வேகமாக ஓட்டும். ஒரு ஈரத்துணியால் துடைத்தால் தீரும் பிரச்சினைக்கு மாதக்கணக்கில் மின்சாரம் வீணாகும் இடங்கள் உண்டு.

ஏரேஷன் முடிந்ததும் நீர் கிளாரிஃபையர் எனும் தெளியவைக்கும் தொட்டிக்குப் போய் அமைதியாக நிற்கும். பாக்டீரியா கட்டிகட்டியாகத் திரண்டு அடியில் படிய, தெளிந்த நீர் மேலே வழியும். இப்படித் திரளாவிட்டால் மொத்த ஏற்பாடும் பாழ். இழை போல நீளும் பாக்டீரியா பெருகினால் சேறு பஞ்சாக உப்பி, படியாமல் நீரோடு வெளியே போய்விடும். அதைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். ஒரு லிட்டர் உருளைக் குடுவையில் தொட்டி நீரை நிரப்பி, அரை மணி நேரம் கழித்துச் சேறு எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்தாலே போதும். அனுபவமுள்ள ஆபரேட்டர் முதலில் பார்ப்பது இதைத்தான். படிந்த சேற்றில் பெரும்பகுதி மறுபடி ஏரேஷன் தொட்டிக்கே திரும்பும். மிகுதியைக் காற்றில்லாத மூடிய கலனுக்கு அனுப்பினால் அங்கே வேறு நுண்ணுயிர்கள் அதைச் செரித்து மீத்தேன் தரும். புளோயருக்கான மின்சாரத்தில் ஒரு பங்கை அதிலிருந்தே எடுக்கலாம்.

பாக்டீரியாவால் முடியாதவையும் இருக்கின்றன. குரோமியம், ஈயம் போன்ற உலோகங்களையும் உப்பையும் அவை தின்னாது. சாயங்கள் பலவற்றையும் தொடாது. பி.ஓ.டி.யை சி.ஓ.டி.யால் வகுத்துப் பார்த்தால் இது தெரிந்துவிடும். வீட்டுக் கழிவுநீரில் ஏறத்தாழ 0.5 வரும். 0.3க்குக் கீழே போனால், நுண்ணுயிரை மட்டும் நம்பிப் பயனில்லை. வேதிமுறையோ சவ்வு வடிகட்டியோ வேண்டியிருக்கும். நச்சு மிகுந்த ஆலைக் கழிவில் பி.ஓ.டி. மட்டும் அளந்தால் எண் அழகாக, மிகக் குறைவாக வரும். குப்பிக்குள் இருந்த பாக்டீரியா அத்தனையும் செத்துப்போனதால் ஆக்சிஜனைச் செலவழிக்க அங்கே யாருமே இருந்திருக்க மாட்டார்கள்.