பி.எப். - வருங்கால வைப்பு நிதி

எங்கள் குழித்துறைப் பக்கம் முந்திரி ஆலைக்கு ‘அண்டி ஆபீஸ்’ என்றுதான் பெயர். அங்கே கொட்டை உடைத்து உடைத்து, தோட்டெண்ணெயில் விரல் கறுத்துப்போன பக்கத்து வீட்டு அக்கா ஒரு தாளை நீட்டினார். “எனக்க பேரில எவ்வளவு கெடக்குன்னு பாரு மக்களே.” ‘வருங்கால வைப்பு நிதி’ என்று சத்தமாக வாசித்தேன். “அது கெடக்கட்டு, பி.எப். எவ்வளவு?” என்றார்.

இரண்டும் ஒன்றுதான். பி.எப். என்பது பிராவிடண்ட் ஃபண்ட். ‘பிராவிடண்ட்’ லத்தீனிலிருந்து வந்தது: ‘ப்ரோ’ முன்னே, ‘விதேரே’ காண்பது. வருவதை முன்கூட்டியே பார்த்து வைப்பவர் என்று பொருள். (வளைகுடாவுக்குப் போகிற நம்மூர்க்காரர்கள் தேடும் விசாவும் இதே வேரில் வந்ததுதான்.)

தமிழாக்கத்தில் அந்த ‘முன்னே காணல்’ ‘வருங்கால’ என்று ஆகிவிட்டது. பரவாயில்லை. வேடிக்கை அடுத்த இரண்டு சொற்களில். ‘வைப்பு’ நம் பழைய சொல். ஏழையின் பசியைத் தீர்ப்பதே ஒருவன் ‘பொருள்வைப்புழி’, அதாவது பொருளைச் சேர்த்து வைக்கும் இடம், என்கிறது குறள் (226). ‘நிதி’ வடசொல், ‘நி’ கீழே, ‘தா’ வைத்தல். ஆக, அதுவும் வைப்புதான்! ‘வருங்கால வைப்பு’ என்றாலே போதும் என்பது என் கட்சி. இலங்கையில் இதையே ‘ஊழியர் சேமலாப நிதி’ என்பார்கள். ‘க்ஷேமம்’ தமிழில் சேமமானது, அதிலிருந்துதான் சேமிப்பு. காதுக்கு அது இன்னும் இதம்.

சரி, பணத்துக்கு வருவோம். இந்தியாவில் தொழிலாளர் பி.எப். சட்டம் 1952-இல் வந்தது. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 10,000 ரூபாய் என்றால், பொதுவாக 12 சதவீதம், 1,200 ரூபாய், பிடிப்பார்கள். முதலாளியும் அதே அளவு போட வேண்டும். ஆனால் அவர் போடுவதில் 833 ரூபாய் ஓய்வூதியத் திட்டத்துக்குப் போய்விடும். கணக்கில் ஏறுவது 367 மட்டுமே. பீடி, கயிறு போன்ற சில தொழில்களில் விகிதம் 10 சதவீதம். வீடு கட்டவும் இதிலிருந்து எடுக்க வழியுண்டு.

சம்பளக்காரர் அல்லாதவருக்கும் பி.பி.எப். இருக்கிறது: பொது வருங்கால வைப்பு நிதி. அஞ்சலகத்திலேயே தொடங்கலாம், வருஷம் குறைந்தது 500 ரூபாய், 15 ஆண்டு.

இதையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்போ முதலாளி போட்டதில மீதி எங்க போச்சு?” என்றார். ஓய்வூதியத்தை மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன்.