ஓய்வுக்காலத்துக்காகப் பழைய வீட்டைப் புதுப்பிக்கிறீர்களா? மாடி எழுப்பும் முன் கீழ்த்தளத்தைப் பாருங்கள்

ஓய்வு பெறும் நேரத்தில் பழைய வீட்டைச் சீரமைக்க நினைத்து என்னிடம் வருபவர்கள் பெரும்பாலும் முதலில் பேசுவது மாடியைப் பற்றித்தான். மேலே இரண்டு அறை கட்டவேண்டும், பிள்ளைகள் வந்தால் தங்கலாம், எங்கள் படுக்கையறையையும் மேலேயே வைத்துக்கொள்கிறோம், கீழே ஹாலைப் பெரிதாக்கிவிடுங்கள் என்பார்கள். பல வருடங்களாக மனதுக்குள் வைத்திருந்த ஆசை அது. கையில் மொத்தமாகப் பணம் வரும்போது அதைச் செய்து பார்க்கத் தோன்றுவதில் தவறில்லை. ஆனால் கட்டடப் பொறியாளராக நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது, 60 வயதில் போடும் திட்டம் 60 வயது உடம்புக்கு மட்டுமே பொருந்துகிறது என்பதைத்தான். அந்த வீட்டில் அவர்கள் 80 வயதிலும் இருக்கப்போகிறார்கள்.

அதனால் வரைபடத்தைத் தொடுவதற்கு முன் எல்லோரிடமும் ஒரு கேள்வி கேட்பேன். நாளைக்கே காலில் அடிபட்டு ஆறு வாரம் படியேற முடியாமல் போனால், இப்போதைய கீழ்த்தளத்திலேயே தூங்கி, குளித்து, சமைத்து, வாசல்வரை போய்வர முடியுமா? பெரும்பாலான பழைய வீடுகளில் இதற்குப் பதில் ‘முடியாது’ என்பதுதான். அப்படியானால் முதல் செலவு கீழ்த்தளத்துக்கு. மீதி இருந்தால் மாடியைப் பற்றிப் பேசலாம்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, உலகெங்கும் ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள். அப்படி இறப்பவர்களில் 60 வயதைக் கடந்தவர்களே அதிகம். இறப்பில் முடியாத விழுதல்கள் இதைவிடப் பல மடங்கு. இடுப்பு எலும்பு முறிந்த ஒருவர் மறுபடியும் பழையபடி நடமாடுவது எவ்வளவு கடினம் என்பது அந்த வீட்டாருக்குத்தான் தெரியும்.

மாடி வேண்டும் என்று வந்த ஒரு தம்பதி நினைவுக்கு வருகிறார்கள். கணவர் அறைகளின் அளவுகளைச் சொல்லிக்கொண்டே போனார். மனைவி பேசவே இல்லை. படிக்கட்டை எங்கே வைக்கலாம் என்று பேச்சு வந்தபோதுதான், தான் இப்போதே சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டாகத்தான் படி இறங்குவதாக மெதுவாகச் சொன்னார். கணவருக்கே அது தெரியாது. பிறகு வீட்டை அளந்து பார்த்ததில், கீழே சாமான்கள் அடைத்துக் கிடந்த ஓர் அறைக்கும் குளியலறைக்கும் நடுவில் ஒரே ஒரு தடுப்புச் சுவர்தான் இருந்தது. கூரையின் பாரம் அதன்மேல் இல்லை என்று உறுதி செய்துகொண்டு எடுத்துவிட்டோம். விசாலமான படுக்கையறையும், அதை ஒட்டிக் குளியலறையும் கிடைத்தன. மாடி கட்டவில்லை. வீட்டில் உள்ள எல்லோரையும் உட்காரவைத்து, ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்காமல் நான் திட்டம் போடுவதில்லை.

பழைய வீட்டில் அதிக அக்கறை காட்டவேண்டிய இடம் குளியலறை. பெரும்பாலும் வீட்டிலேயே சிறிய அறை அதுதான். கதவும் மற்ற கதவுகளைவிடக் குறுகியது. 2 அடி அகலக் கதவில் வாக்கர் பிடித்து நடப்பவர் நேராக நுழைய முடியாது. கதவைத் திறந்த பிறகு கிடைக்கும் இடைவெளி குறைந்தது 32 அங்குலம் இருக்கவேண்டும்; 3 அடி கிடைத்தால் நல்லது. திறந்து நிற்கும் கதவின் கனமே இடத்தைத் தின்றுவிடும் என்பதால், நிலையின் அளவை வைத்து முடிவு செய்யாதீர்கள். அப்புறம், கதவு உள்பக்கமாகத் திறக்கக் கூடாது. உள்ளே ஒருவர் விழுந்து கதவை அடைத்தபடி கிடந்தால் வெளியிலிருந்து யாரும் நுழைய முடியாது. வெளிப்பக்கம் திறக்கும் கதவோ, பக்கவாட்டில் நகரும் கதவோ போடுங்கள். தாழ்ப்பாளும் அவசரத்துக்கு வெளியிலிருந்து திறக்கக்கூடியதாக இருக்கட்டும்.

சக்கர நாற்காலி ஒரு முழுச் சுற்றுத் திரும்ப 5 அடி விட்டமுள்ள இடம் வேண்டும். இன்றைக்குத் தேவையில்லையே என்று தோன்றும். சுவரை இடித்துத் தள்ளிவைக்கும் வேலை நடக்கும்போதே அந்த இடத்தை எடுத்துக்கொண்டால் செலவு கொஞ்சம்தான் கூடும். டைல்ஸ் ஒட்டி முடித்த குளியலறையைச் சில வருடங்கள் கழித்து உடைத்துப் பெரிதாக்குவது என்றால் மொத்த வேலையையும் இரண்டாம் முறை செய்வதாகும். வீட்டை விரிவாக்க ஆசைப்படுபவர்களுக்கு நான் முதலில் சொல்லும் இடமும் இதுதான். கூடுதலாகக் கிடைக்கும் சதுர அடியைக் குளியலறைக்கும் நடைவழிக்கும் கொடுங்கள்.

குளிக்கும் பகுதிக்கு முன்னால் இருக்கும் சின்னத் திட்டை எடுத்துவிடவேண்டும். தண்ணீர் வெளியே வராதா என்று கேட்பார்கள். தரைக்குச் சரியான சரிவும், குளிக்கும் பகுதியின் ஓரத்தில் நீளமான வடிகாலும் கொடுத்தால் வராது. அதற்குத் தரையை அடியிலேயே கொஞ்சம் இறக்கவேண்டியிருக்கும். கீழ்த்தளத்தில் மண்ணைத் தோண்டி இறக்குவது எளிது. மாடியில் ஏற்கனவே போட்ட கான்கிரீட் தளத்தில் அது பெரிய சிக்கல். முதியவர்களுக்கான குளியலறை கீழே இருக்கட்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சுவரில் மாட்டும் கைப்பிடிக் கம்பியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். துண்டு போடும் கம்பி வேறு, பிடித்துக்கொள்ளும் கம்பி வேறு. வழுக்கும்போது கை தானாகப் பக்கத்தில் இருப்பதைப் பற்றும். துண்டுக் கம்பியைப் பற்றினால் அது சுவரிலிருந்து பிய்ந்து ஆளோடு சேர்ந்து வரும். பிடிகம்பி 100 கிலோவுக்கு மேற்பட்ட இழுவையைத் தாங்கவேண்டும். தரையிலிருந்து 33 முதல் 36 அங்குல உயரத்தில், சுவருக்கும் கம்பிக்கும் நடுவில் ஒன்றரை அங்குல இடைவெளியோடு இருக்கவேண்டும். உள்ளீடற்ற பிளாக் சுவரிலோ மெல்லிய தடுப்பிலோ திருகாணி நிற்காது. அந்த உயரத்தில் மட்டும் கட்டியான செங்கல்லோ கான்கிரீட் பட்டையோ முன்கூட்டியே வைத்துக் கட்டச் சொல்லுங்கள். கம்பியை இப்போதே மாட்டவேண்டும் என்றில்லை. சுவர் தயாராக இருந்தால் போதும். டாய்லெட் சீட்டின் உயரம் 17 முதல் 19 அங்குலம் இருந்தால் முழங்கால் வலிக்காரர் ஒருவர் உதவியில்லாமல் எழலாம்.

சூடுநீரையும் மறக்கவேண்டாம். 60 டிகிரி செல்சியஸ் நீர் சில நொடிகளிலேயே தோலைப் புண்ணாக்கும். வயதானவர்களின் தோல் மெலிந்தது, சட்டென்று கையை இழுக்கும் வேகமும் குறைந்திருக்கும். அதே சமயம், நீரைத் தேக்கிச் சூடாக்கும் தொட்டியின் வெப்பத்தை மிகவும் குறைத்தால் அதில் கிருமி வளர வாய்ப்புண்டு. தொட்டியில் 60 டிகிரி வைத்துக்கொண்டு, குழாய்க்கு வரும் வழியில் குளிர்ந்த நீரைக் கலந்து வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு ஒன்றைப் பொருத்துவதே சரியான தீர்வு.

இப்போது மட்டத்துக்கு வருவோம். பழைய பகுதியில் இருக்கும் தரைமேலேயே புது டைல்ஸ் ஒட்டுவார்கள், புதிதாகச் சேர்த்த அறையில் தனியாகத் தரை போடுவார்கள். முடிவில் இரண்டுக்கும் நடுவில் ஓர் அங்குலமோ இரண்டு அங்குலமோ ஏற்றத்தாழ்வு வந்து நிற்கும். முழுப் படிக்கட்டைக் கண்டால் எவரும் கவனமாகக் கால் வைப்பார்கள். இந்தச் சின்ன வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது, கால் அதில்தான் தட்டும். அரை அங்குலத்துக்கு மேல் எந்த வாசலிலும் ஏற்றத்தாழ்வு இருக்கக் கூடாது. தரை வேலை தொடங்கும் முன்பே வீடு முழுக்க முடிவான மட்டத்தைச் சுவர்களில் கோடாகக் குறித்துவிடச் சொல்லுங்கள். மேஸ்திரிக்கு அது அரை நாள் வேலை.

வெளிவாசலில் சரிவுப்பாதை அமைப்பதாக இருந்தால் கணக்கு 1:12. அதாவது ஓர் அடி உயரம் ஏற 12 அடி நீளம். வீட்டின் தரை ஒன்றரை அடி உயரத்தில் இருந்தால் 18 அடி நீளச் சரிவு வேண்டும். இடமில்லை என்று செங்குத்தாகப் போட்ட சரிவில் சக்கர நாற்காலியைத் தள்ளவும் முடியாது, இறக்கும்போது பிடிக்கவும் முடியாது. படிகளாகவே இருக்கட்டும் என்றால் ஒவ்வொரு படியும் சுமார் 6 அங்குல உயரம், 12 அங்குல அகலம், எல்லாம் ஒரே அளவு, இரண்டு பக்கமும் கைப்பிடி.

கட்டடத்தின் உறுதியைப் பொறுத்தவரை ஒன்றைத் திட்டவட்டமாகச் சொல்கிறேன். பழைய வீட்டின்மேல் ஒரு செங்கல் வைப்பதானாலும் பொறியாளர் ஒருவர் அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்த்த பிறகுதான் வைக்கவேண்டும். வெளியே நன்றாகத் தெரியும் கான்கிரீட்டுக்குள்ளும் கம்பி துருப்பிடித்திருக்கலாம். கான்கிரீட்டின் காரத்தன்மைதான் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு வருடக்கணக்கில் உள்ளே இறங்க இறங்க அந்தக் காரத்தன்மை குறைகிறது. ஈரமும் சேர்ந்தால் துரு தொடங்கும். துருவேறிய இரும்பு பருத்து, மேலே மூடியிருக்கும் கான்கிரீட்டைத் தள்ளி உதிர்க்கும். கம்பியின் போக்கிலேயே ஓடும் விரிசலும், சுத்தியலால் தட்டினால் உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல வரும் ஓசையும் அதன் அறிகுறிகள். அதன்மேல் பூச்சுப் பூசி வண்ணம் அடித்தால் நோய் உள்ளே வளர்ந்துகொண்டுதான் இருக்கும். தளர்ந்த கான்கிரீட்டை உடைத்தெடுத்து, கம்பியைத் தேய்த்துச் சுத்தம் செய்து, தேவையான இடத்தில் புதுக்கம்பி சேர்த்துச் சரிசெய்வதுதான் மருந்து. கூரைக் கசிவை நிறுத்தாமல் இதைச் செய்தும் பயனில்லை.

பக்கவாட்டில் அறை சேர்ப்பவர்கள் கவனிக்கவேண்டியது வேறு. பழைய அஸ்திவாரம் பல பத்தாண்டுகளாக மண்ணில் அமர்ந்து நிலைபெற்றுவிட்டது. புதியது இனிமேல்தான் அமரும். இரண்டையும் இறுக்கமாகப் பிணைத்தால் சந்திக்கும் இடத்தில் விரிசல் விழுவது ஏறக்குறைய நிச்சயம். அங்கே திட்டமிட்ட ஓர் இடைவெளி விட்டு, நீர் புகாமல் அடைக்கவேண்டும். பழைய அஸ்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே அதை ஒட்டிப் பள்ளம் தோண்டுவது மிக ஆபத்தானது. ஒரு மழை போதும், சுவர் சாய்ந்துவிடும். சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவர் என்றால் சிமென்ட் பூச்சு வேண்டாம். உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் ஓதம் இன்னும் மேலே ஏறும்.

இடிக்கும் முன் ஒரு எச்சரிக்கை. பழைய கூரைத் தகடுகளில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம், பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். காய்ந்த நிலையில் உடைப்பதும் தேய்ப்பதும் அவற்றைத் தூசியாக்கி நுரையீரலுக்குள் அனுப்பும். சோதித்து அறிந்து, பயிற்சி பெற்றவர்களைக் கொண்டே அகற்றவேண்டும். அந்த நாட்களில் குழந்தைகளும் முதியவர்களும் வேறு இடத்தில் இருக்கட்டும்.

வெளிச்சத்தைக் கடைசியில் பார்க்கிறார்கள், பட்ஜெட் தீர்ந்த பிறகு. 60 வயதுக்காரரின் விழித்திரைக்கு 20 வயதுக்காரருக்குக் கிடைப்பதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஒளியே போய்ச் சேர்கிறது. கண்மணி சுருங்கி, கண்ணின் வில்லை மஞ்சளித்துவிடுகிறது. ஆகவே அறைக்கு நடுவில் ஒரே ஒரு பெரிய விளக்கு போதாது. சமையல் மேடை, படிக்கட்டு, வாஷ்பேசின் ஒவ்வொன்றுக்கும் தனி விளக்கு வேண்டும். பளபளக்கும் தரை அந்த வெளிச்சத்தையே கண்கூசச் செய்யும், அதனால் மங்கலான சொரசொரப்புள்ள டைல்ஸைத் தேர்ந்தெடுங்கள். படுக்கையிலிருந்து கழிப்பறை வரை, ஆள் நடந்தால் தானே எரியும் சிறுவிளக்குகள் போட்டுவிடுங்கள். பழைய வயரிங்கை முழுவதுமாக மாற்றி, சரியான எர்த்திங் கொடுத்து, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவியை மெயினில் சேர்த்துவிடுங்கள். சுவிட்சுகள் 3 முதல் மூன்றரை அடி உயரத்தில், பிளக் பாயின்ட்டுகள் குனியத் தேவையில்லாத உயரத்தில்.

பணத்தைப் பற்றி. பழைய சுவரை உடைத்த பிறகுதான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். மதிப்பீட்டுக்கு மேல் 15 முதல் 20 சதவீதம் ஒதுக்கிவைக்காமல் வேலையைத் தொடங்கவே வேண்டாம். வரிசையும் முக்கியம்: கசிவு, கட்டடத்தின் உறுதி, குழாய், வயரிங், அதன்பின் தரை, வண்ணம். பணம் நடுவில் தீர்ந்தால் வண்ணம் அடிக்காமல் குடியேறலாம், கசியும் குழாயோடு குடியேற முடியாது. முடிந்தால் வேலையில் இருக்கும்போதே, ஓய்வுக்குச் சில வருடங்கள் முன்பே தொடங்கிவிடுங்கள். தினமும் போய் மேற்பார்வை பார்க்கும் தெம்பும் அப்போது இருக்கும்.

குழாயும் வயரும் சுவருக்குள் மூடப்படும் முன், அளவுநாடாவைச் சுவரில் ஒட்டிப் பிடித்து ஒவ்வொரு சுவரையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பிடிகம்பிக்காகக் கட்டியான பட்டை வைத்த இடத்தையும் விடாமல் எடுங்கள். அந்தப் படங்களை வரைபடங்களோடு சேர்த்து ஒரு கோப்பில் போட்டு, உங்கள் பிள்ளைகளுக்கும் ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள். பத்து வருடம் கழித்துக் கம்பி மாட்ட ஆள் வரும்போது, எங்கே துளை போடலாம் என்று அவரிடம் காட்ட அது போதும்.