லூபஸும் ஆண் எலியும்

லூபஸ் வந்த பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்களாக இருக்கிறார்களே, ஏன் என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அவர் மகளுக்கு வந்திருக்கிறது. குலதெய்வத்துக்குச் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை, அதனால்தான் என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்களாம். அம்மா, குலதெய்வத்தை இதில் இழுக்க வேண்டாம். உங்கள் கேள்விக்கான பதிலில் பெரும்பகுதியைச் சொன்னது ஆய்வுக்கூடத்து எலி. அதிலும் ஆண் எலி.

லூபஸில் நோய் எதிர்ப்பு மண்டலம் சொந்த உடம்புக்கு எதிராகவே எதிர்ப்பொருள் தயாரிக்கிறது. மூட்டு, தோல், சிறுநீரகம் என்று பல இடங்களில் அழற்சி வருகிறது. இது தெரிந்த கதைதான்.

எலிக்கும் இப்படி ஒரு நோய் உண்டு என்பது தற்செயலாகத் தெரியவந்தது. நியூசிலாந்தின் டனிடின் நகரில், புற்றுநோய் ஆராய்ச்சிக் கூடத்தில் மரியான் பீல்ஷோவ்ஸ்கி வளர்த்த கறுப்பு எலிகளுக்குத் தன் சிவப்பணுவைத் தானே அழிக்கும் ரத்தசோகை வந்தது. 1959ல் அது வெளியானது. பிறகு அவற்றை ஒரு வெள்ளை வகையோடு கலந்தபோது பிறந்த குட்டிகளுக்கு லூபஸ் வந்த மனிதர்களைப் போலவே சிறுநீரகம் கெட்டது. பெண் எலிகளுக்குச் சீக்கிரம், ஆண்களுக்குத் தாமதமாக. அந்தக் கூடத்துக்குக் காசு கொடுத்தவர்கள் லூபஸை நினைத்துக் கொடுக்கவில்லை. முதல் பக்கத்திலேயே 'இதனால் மக்களுக்கு என்ன பயன்?' என்று கேட்கும் நிதிக் குழுக்களுக்கு இதை யாராவது படித்துக் காட்டினால் தேவலை.

அப்புறம் அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வுக்கூடத்தில் எட்வின் மர்ஃபி உருவாக்கிய பிஎக்ஸ்எஸ்பி என்ற வகை எல்லாவற்றையும் தலைகீழாக்கியது. எலியைக் கையில் எடுத்தாலே பெரும்பாலும் ஒரு சொட்டுச் சிறுநீர் விட்டுவிடும். அதைச் சோதனைப் பட்டையில் ஏந்தினால், சிறுநீரகம் கெட்டு புரதம் கசிந்திருந்தால் மஞ்சள் கட்டம் பச்சையாகும். இந்த வகையில் ஆண்களின் பட்டைதான் முதலில் பச்சையானது. ஆண்களில் பாதி ஆறு மாதத்துக்குள் செத்துவிடும். பெண்கள் ஒரு வருடம் தாண்டியும் இருக்கும். காயடித்துப் பார்த்தார்கள், மாற்றமில்லை. அப்படியானால் கோளாறு ஹார்மோனில் இல்லை, ஒய் குரோமோசோமில்.

விடை 2006ல் கிடைத்தது. எக்ஸ் குரோமோசோமின் நுனி ஒடிந்து ஒய்யில் ஒட்டியிருந்தது. அந்தத் துண்டில் டிஎல்ஆர்7 என்ற மரபணு. ஒன்று இருக்க வேண்டிய ஆண் எலிக்கு இரண்டு.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். இந்த மரபணு செய்யும் புரதத்துக்கும் டிஎல்ஆர்7 என்றே பெயர், வைரஸை மோப்பம் பிடிக்கும் காவலாளி அது. செல்லின் வெளிப்புறத்தில் இருப்பதில்லை. செல் விழுங்கியதைச் சிதைக்கும் உள்பைகளில் இருக்கிறது. விழுங்கப்பட்ட வைரஸின் ஆர்.என்.ஏ. அங்கே அவிழ்ந்ததும் எச்சரிக்கை கொடுக்கும். நம் சொந்த ஆர்.என்.ஏ.வும் ஏறக்குறைய அதே சரக்குதான். ஆனால் செத்த செல்லிலிருந்து சிந்துவதை வெளியே உள்ள நொதிகள் வெட்டிப்போட்டுவிடும். பெரும்பாலும் உள்பைவரை அது வந்து சேராது. இந்தக் காவலில் ஒரு பொத்தல் உண்டு. எதிர்ப்பொருள் தயாரிப்பவை பி செல்கள். ஒவ்வொரு பி செல்லின் மேலும் ஒரே வகை ஏற்பிதான், அதாவது தனக்குப் பொருந்துவதைப் பிடித்துக்கொள்ளும் புரதம்தான், இருக்கும். சில செல்களில் அது தற்செயலாக நம் சொந்தப் புரதத்துக்கே பொருந்திவிடும். அந்தப் புரதம் ஆர்.என்.ஏ.வோடு ஒட்டிக்கொண்டிருப்பதாக இருந்தால் வினை. ஏற்பி புரதத்தைப் பிடித்து உள்ளே இழுக்க, நொதிகளுக்குத் தப்பி ஆர்.என்.ஏ.வும் கூடவே உள்பைக்குள் போய்விடுகிறது. வங்கி லாக்கரின் இரண்டு சாவியும் ஒரே ஆளிடம் சேர்ந்த மாதிரி, ஏற்பியும் டிஎல்ஆர்7ம் சேர்ந்து பி செல்லைத் திறந்துவிடுகின்றன. அது பெருகி எதிர்ப்பொருளைக் கொட்டுகிறது. நோயாளிகளின் ரிப்போர்ட்டில் ஆன்டி-எஸ்எம், ஆன்டி-ரோ என்று வருபவை இப்படி ஆர்.என்.ஏ.வோடு திரியும் புரதங்களுக்கு எதிரானவைதான். டிஎல்ஆர்7 இரட்டிப்பானால் சின்னத் தூண்டலே இதற்குப் போதும்.

சரி, பெண்களுக்கு வருவோம். பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். ஒவ்வொரு செல்லும் அதில் ஒன்றை அணைத்துவைக்கிறது. அணைத்த எக்ஸிலும் சில மரபணுக்கள் விழித்திருக்கும். சில பி செல்களில் டிஎல்ஆர்7 அப்படி விழித்திருக்கிறது என்று 2018ல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் காட்டினார்கள். கூடுதலாக ஒரு எக்ஸோடு பிறக்கும் ஆண்களுக்கு மற்ற ஆண்களைவிடப் பல மடங்கு லூபஸ் வருவதும் இதோடு பொருந்துகிறது. ஹார்மோனுக்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 2022ல் நோய் எதிர்ப்பியல் ஆய்வாளர் கரோலா வினுவேசாவின் குழு வெளியிட்டதைப் பாருங்கள். சிறுவயதிலேயே கடும் லூபஸ் வந்த ஒரு ஸ்பானிஷ் சிறுமியின் டிஎல்ஆர்7ல் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தது. அதே மாற்றத்தை எலிக்குள் வைத்ததும் எலிக்கும் லூபஸ் வந்தது.

எலி சொல்வதையெல்லாம் அப்படியே நம்பவும் முடியாது. சிடி40 லிகண்டு என்ற புரதத்தைத் தடுக்கும் எதிர்ப்பொருள் எலியின் சிறுநீரகத்தைக் காப்பாற்றியது. மனிதர்களுக்குக் கொடுத்தபோது ரத்தம் உறைந்து, சோதனையையே நிறுத்த வேண்டிவந்தது. எதிர்ப்பொருளின் வால்பகுதியைப் பிடிக்கும் ஓர் ஏற்பி, ரத்தத்தை உறையவைக்கும் நம் தட்டணுக்களில் இருக்கிறது, எலியின் தட்டணுக்களில் கிடையாது. அந்த வாலை நீக்கிச் செய்த டாபிரோலிசுமாப் என்ற மருந்து 2024ல் மூன்றாம் கட்டச் சோதனையில் பலன் காட்டியிருக்கிறது.