97-ஐ யாரும் தொடவில்லை

நிரல் எழுதப் பழகும் மாணவர் ஒருவர் கேட்கிறார்: “பகா எண்களைக் கண்டுபிடிக்கும் எரடோஸ்தனிஸ் சல்லடையை எழுதினேன். 100 வரை நொடியில் முடிகிறது. பத்து லட்சம் கொடுத்தால் உறைந்துபோகிறது. ஏன்?”

நிரலைப் பார்த்தேன். அது சல்லடையே அல்ல. ஒவ்வொரு பகா எண்ணாலும் மிச்சமுள்ள எண்களை வகுத்து, மீதி பூச்சியமானால் நீக்குகிறது. வருந்த வேண்டாம், பாடம் சொல்பவர்களே சறுக்கிய இடம் இது. ஹாஸ்கெல் என்ற நிரல்மொழியின் அழகைக் காட்ட நெடுங்காலம் எடுத்தாளப்பட்ட இரண்டு வரிச் ‘சல்லடை’ உண்மையில் வகுத்துப் பார்க்கும் முறைதான் என்று கணினி அறிவியலாளர் மெலிசா ஓ’நீல் 2009-இல் ஆய்வுக் கட்டுரையே எழுதினார்.

உண்மையான சல்லடை வகுப்பதே இல்லை, ஒவ்வொரு பகா எண்ணின் மடங்குகளுக்கும் தாவித் தாவி அவற்றை அடிக்கிறது. 100 வரையிலான பட்டியலில் 7-இன் முறை வருகிறது என்று வையுங்கள். 14, 21, 28, 35, 42 எல்லாம் 2, 3, 5 வந்தபோதே அடிபட்டுவிட்டன. 7-ஐ அதைவிடச் சிறிய எண்ணால் பெருக்கினால், அந்தச் சிறிய எண்ணுக்குள் இருக்கும் பகா எண் முந்திக்கொண்டிருக்கும். ஆகவே 7-க்குப் புதிய வேலை 7×7-இல்தான் தொடங்குகிறது. 49, 56, 63 என்று ஏழேழாகத் தாவி 98 வரை எட்டு அடிகள், அவ்வளவுதான். அடுத்த பகா எண் 11. அதன் வர்க்கம் 121, பட்டியலுக்கு வெளியே. வேலை முடிந்தது.

மாணவரின் நிரலோ இதே கட்டத்தில் மிச்சமிருக்கும் 24 எண்களை 7-ஆல் வகுத்து, 49, 77, 91 என்ற மூன்றை மட்டும் நீக்குகிறது. அதோடு நிற்காமல் 11, 13, 17 என்று தொடர்கிறது. பாவம் 97, தன்னைவிடச் சிறிய 24 பகா எண்களிடமும் சோதனைக்கு நிற்க வேண்டியிருக்கிறது. சல்லடையில் அதை யாரும் தொடுவதே இல்லை. தொடப்படாததால்தான் அது பகா எண் என்று தெரிகிறது! எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

பத்து லட்சம் வரை 78,498 பகா எண்கள். அவற்றைச் சோதிக்க மட்டுமே மாணவரின் நிரலுக்கு 300 கோடிக்கும் மேற்பட்ட வகுத்தல்கள் தேவை. சல்லடைக்குச் சுமார் 21 லட்சம் அடிகள் போதும். நூறு கட்டங்களுக்கு வண்ணம் பூசிக் காட்டும் கற்பித்தல் மென்பொருள்கள் ஓரத்தில் இந்தக் கணக்கையும் ஓடவிட்டால் என்ன? நூறுக்குள் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

இரட்டைப்படை எண்களை முதலிலேயே விட்டுவிட்டால் நினைவகம் பாதியாகக் குறையும் என்பதை நிரல் பாடங்களில் நவீன உத்தியாகச் சொல்வார்கள். கி.பி. 100 வாக்கில் கிரேக்கக் கணிதவியலாளர் நிக்கோமாக்கஸ் இந்தச் சல்லடையை விவரித்தபோதே ஒற்றைப்படை எண்களை மட்டும்தான் வரிசையாக வைத்துத் தொடங்கினார்.