மருந்துக்கு அடங்காத வைரஸ்: எந்த மாற்றம் காரணம்?

சிறுநீரக மாற்று சிகிச்சை செய்துகொண்ட ஒருவரின் உடலில் சைட்டோமெகலோவைரஸ் (பலர் உடலில் அமைதியாகத் தங்கியிருக்கும் ஒரு வைரஸ்) தலைதூக்குகிறது. அதற்கான கான்சிக்ளோவிர் என்ற மருந்தைக் கொடுத்து வாரங்கள் ஆகியும் ரத்தத்தில் வைரஸ் குறையவில்லை. வைரஸின் மரபணுக்களைப் படித்துப் பார்த்தால் யுஎல்97 என்ற மரபணுவில் ஓரிடம் மாறியிருக்கிறது. சரி, அதுதான் காரணம் என்று முடிவுகட்டிவிடலாமா? கூடாது. மாற்றாகத் தரப்படும் ஃபாஸ்கார்னெட், சிறுநீரகத்தையே கெடுக்கக்கூடிய மருந்து. இன்னொருவர் தந்த உறுப்பை வெறும் ஊகத்தை நம்பிப் பணயம் வைப்பது தவறு.

யுஎல்97 மேல் சந்தேகம் விழுவதற்குக் காரணம் உண்டு. செல்லுக்குள் நுழையும்போது கான்சிக்ளோவிருக்கு வீரியம் இல்லை. அதில் முதல் பாஸ்பேட்டை ஒட்டுவது யுஎல்97 உண்டாக்கும் வைரஸ் நொதி. அப்புறம் நம் செல்லின் நொதிகள் இன்னும் இரண்டை ஒட்டுகின்றன. அதன் பிறகே மருந்து, வைரஸ் தன் டிஎன்ஏவை நகலெடுப்பதை முடக்குகிறது. அந்த முதல் நொதி மருந்தைத் தொடாதபடி மாறிவிட்டால் வைரஸ் தப்பித்துக்கொள்ளும்.

ஆனால் இந்த வைரஸின் டிஎன்ஏவில் சுமார் 2,35,000 எழுத்து இணைகள் உள்ளன. இருவரிடம் எடுத்த வைரஸ்களை ஒப்பிட்டால் ஏராளமான வேறுபாடுகள் தெரியும். பெரும்பாலானவற்றுக்கும் மருந்துக்கும் சம்பந்தமே இருக்காது. அதனால் நோயாளியின் வைரஸை விட்டுவிட்டு, நன்கு அறிந்த ஆய்வக வைரஸ் ஒன்றை எடுக்கிறார்கள். அதன் முழு டிஎன்ஏவையும் ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் வைத்து, சந்தேகத்துக்குரிய அந்த ஒரே மாற்றத்தை மட்டும் செய்கிறார்கள். பிறகு அந்த டிஎன்ஏவை மனித செல்களுக்குள் செலுத்தினால் புது வைரஸ் பிறக்கும். அதன் வளர்ச்சியைப் பாதியாக்க எவ்வளவு மருந்து தேவை, மாற்றாத வைரஸுக்கு எவ்வளவு தேவை என்று அளந்து ஒப்பிடுகிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த படி. செய்த மாற்றத்தைத் திரும்பப் பழையபடி திருத்துவார்கள். வைரஸ் மறுபடி மருந்துக்கு அடங்கினால் சந்தேகம் உறுதியாகிறது. அடங்காவிட்டால், முதலில் மாற்றம் செய்தபோது வேறெங்கோ நுழைந்த பிழைதான் காரணமாக இருக்கும்.

இப்படிச் சோதித்ததில், நொதியின் 594ஆம் இடத்தில் உள்ள அலனின் என்ற அமினோ அமிலம் வேலினாக மாறினால் பல மடங்கு மருந்து தேவைப்படுவது தெரிந்தது. பதினோரு இடம் தள்ளி, 605இல் கிழக்காசிய வைரஸ்களில் பரவலாகக் காணப்படும் மாற்றமோ எதிர்ப்பு எதையும் தருவதில்லை. 592இல் வரும் ஒரு மாற்றம் சுமார் மூன்று மடங்கு எதிர்ப்பைத்தான் தருகிறது. நோய் கடுமையாக இல்லாவிட்டால், இந்த மாற்றம் உள்ள நோயாளிக்கு ஃபாஸ்கார்னெட்டுக்குப் போகாமல் கான்சிக்ளோவிரின் அளவையே கூட்டிப் பார்க்க மருத்துவருக்கு இடமிருக்கிறது.